பார்க்காமல் போட்ட பாஸ்

தடுப்பூசி போடுவதற்காகத்தான் யுவராணி அன்று அந்த அங்கன்வாடிக்குப் போயிருந்தாள். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு வருடமாக நர்ஸ். வாசலில் டிராக்டர்காரன் ஹாரன் அடித்தபோது குழந்தைகள் எல்லாம் திரும்பின. ஒரு பெண் குழந்தை மட்டும் சுவரில் இருந்த மயில் படத்தைத் தடவிக்கொண்டே நின்றது.

"வெண்மதிங்க. மூணரை வயசாச்சு, இன்னும் பேச்சு வரல" என்றாள் அதன் அம்மா பானுமதி.

"காது கேக்குதா?"

"அதெல்லாம் கேக்கும்ங்க சிஸ்டர். பொறந்தப்பவே டெஸ்ட் பண்ணிட்டாங்க." பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள்.

இரண்டு காதுக்கும் 'பாஸ்'. யுவராணியின் கையெழுத்து. தேதியை அவள் இரண்டு முறை படித்தாள்.

அந்தத் தேதியில் கருவியே இல்லை. தூங்கும் குழந்தையின் காதில் ரப்பர் முனையை வைத்தால் காது கேட்கிறதா என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும் சின்னக் கருவி அது. முனை அடைத்துக்கொண்டதென்று பழுதுபார்க்க அனுப்பினார்கள். திரும்பி வர ஐந்து வாரமானது. ரிஜிஸ்டரில் ஏன் காலியாக இருக்கிறதென்று மேலே கேட்டார்கள். ஆயிரத்தில் ஒன்றிரண்டு குழந்தைக்குத்தானே குறை இருக்கும் என்று, அந்த ஐந்து வாரத்தில் பிறந்த பதினொரு குழந்தைகளுக்கும் 'பாஸ்' போட்டுவிட்டாள்.

மறுவாரம் அவளே இருவரையும் தர்மபுரிக்குக் கூட்டிப்போனாள். வெண்மதிக்கு இரண்டு காதும் சுத்தமாகக் கேட்கவில்லை என்று வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே யுவராணி உண்மையைச் சொல்லிவிட்டாள்.

பானுமதி குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு வயசுலயே கூப்பிட்டாத் திரும்பலன்னு டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனேன். அட்டையப் பாத்துட்டு, காது நல்லாத்தான் இருக்கு, லேட்டாப் பேசும்னு அனுப்பிட்டாரு. பெரியவளானதும் திமிருன்னு நெனச்சேன். அடிச்சிருக்கேன் சிஸ்டர். கூப்பிட்டா வரலன்னு முதுகுலயே அடிச்சிருக்கேன்." குழந்தையின் முதுகைத் தடவினாள். "எழுதாம வுட்டிருந்தீங்கன்னா நானே எங்கியாவது போய்க் கேட்டிருப்பேனே."

யுவராணி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"வேணாங்க. இனிமே எங்க வூட்டுப் பக்கம் வராதீங்க."

நடந்ததையெல்லாம் எழுதி யுவராணி நிலையத்து டாக்டரிடம் கொடுத்தாள். "மூணு வருஷம் முன்னாடி நடந்தத எதுக்கும்மா கெளர்ற?" என்றார் அவர். ஆனாலும் கடிதம் மேலே போனது, விசாரணை வந்தது. அது முடிவதற்குள் மீதிப் பத்துப் பேரின் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு, லீவு நாட்களில் கருவியோடு வண்டியில் கிளம்பினாள். எல்லா வீட்டிலும் வந்த காரணத்தைச் சொன்னாள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். ஒன்பது குழந்தைகளுக்குக் காது நன்றாகக் கேட்டது.

அதற்குள் வெண்மதிக்கு அரசு காப்பீட்டில், காதுக்குள் கேட்கும் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. முதன்முதலாகச் சத்தம் கேட்டபோது குழந்தை அலறி, காதிலிருந்த மெஷினைப் பிடுங்கி எறிந்ததாம். பயிற்சி கொடுத்தால் பேச்சு வரலாம், எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்களாம். அங்கன்வாடி டீச்சர் சொல்லித்தான் யுவராணிக்கு இது தெரிந்தது.

பத்தாவது குழந்தை, மாது என்ற கூலிக்காரரின் மகன். இண்டூருக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருந்த வீடு பூட்டிக் கிடந்தது.

"செங்கல் சூளை வேலைக்குக் கர்நாடகா போயிட்டாங்க. எந்த ஊருன்னு தெரியல" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"பையன் பேசுவானா?"

அவள் யோசித்தாள். "அவன் பேசி நான் பாத்ததில்லீங்க."

ரிஜிஸ்டரில் இருந்த போன் நம்பர் உபயோகத்தில் இல்லை.