எட்டு பத்துக்கு வரும் டென்சில்

காக்ஸ் டவுனில் மதலைமுத்துவின் வீட்டில் குடியிருப்பது ஒரே ஆள். அதே வீட்டின் பின்னறையில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் குடியிருப்பது ஆறு பேர். பயப்பட வேண்டாம், ஆறும் கம்ப்யூட்டர்கள்தான். ஒரே பெட்டியை உள்ளுக்குள்ளே தடுத்துத் தடுத்து, ஆறு கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக ஓடுவதுபோல ஓடவைக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. ஒன்று போட்டோக்களையும் ஃபைல்களையும் பத்திரப்படுத்தும். ஒன்று பாட்டுப் போடும். ஒன்று இன்டர்நெட் விளம்பரங்களை உள்ளே விடாமல் மறிக்கும். மிச்சம் மூன்றும் எதற்கு என்று கேட்டால் "சும்மா, டெஸ்டிங்" என்பார். அதைக் கேட்கத்தான் வீட்டில் ஆளில்லை.

ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் சிஸ்டம் அட்மினாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி மௌரீன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகன் டென்சில் போன வருஷம் ஜனவரியில் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனான். அவன் கிளம்புவதற்கு முன்பே மதலைமுத்து அந்தப் பெட்டியில் அவனுக்கென்று ஒரு ஃபோல்டர் திறந்து, அவனுடைய போனில் ஓர் ஆப்பும் போட்டுக்கொடுத்திருந்தார். போனைச் சார்ஜில் போட்டால் போதும், எடுத்த போட்டோவெல்லாம் தானாக வீட்டுப் பெட்டிக்கு வந்து சேர்ந்துவிடும். அங்கே போய்ப் புதுப்போன் வாங்கியதும் அதையே போட்டுக்கொள்ள வேண்டும், ஜெர்மனியிலிருந்தும் வீட்டுக்குள் வர வழி செய்து வைத்திருக்கிறேன் என்று விமான நிலையம்வரை சொல்லிக்கொண்டே போனார். "சரி டாடி" என்றான் அவன். பிள்ளைகள் சொல்லும் சரிகளில் எத்தனையோ வகை உண்டு. எல்லாவற்றையும் ஒரே வகையாக எடுத்துக்கொள்வதுதான் பெற்றவர்களின் வழக்கம்.

முதல் மாதம் ஒன்றும் வரவில்லை. பிப்ரவரி கடைசியில் ஒருநாள் காலை எட்டு பத்துக்கு டென்சில் வந்தான்.

வந்தான் என்றால், பெட்டி தினமும் அவருக்கு அனுப்பும் அறிக்கையில் அவன் பெயர் வந்தது. 'டென்சில்: 14 ஃபைல்கள்.' மதலைமுத்து காபியை ஆறவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் எட்டு பத்து. அதற்கு மறுநாளும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரமாட்டான். அங்கே ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வெளியே சுற்றப் போய்விடுவார்களே, அதனால் இருக்கும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். நம் எட்டு பத்து என்றால் அங்கே விடியாத நேரமாயிற்றே என்றும் ஒருதரம் யோசித்தார். போன் அப்போதுதானே சார்ஜில் கிடக்கும் என்று அதற்கும் பதில் கிடைத்தது. எந்த முகவரியிலிருந்து உள்ளே வந்திருக்கிறான் என்று ஒரு தட்டுத் தட்டினால் தெரிந்திருக்கும். தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர் முதலில் சொல்லிக்கொடுத்த பாடமே அதுதான். ஊருக்குத்தான் உபதேசம்.

ஃபோல்டரைத் திறந்து பார்க்கவும் இல்லை. அட்மின் கையில் எல்லா அறைச் சாவியும் இருக்கும், ஆனால் அடுத்தவன் அறையை எட்டிப் பார்க்கிறவன் அட்மின் இல்லை என்பது அவர் கொள்கை. முப்பத்திரண்டு வருஷத்தில் மானேஜர் சொல்லியும் ஒரு ஊழியரின் மெயிலைத் திறந்ததில்லை. மகன் விரும்பினால் காட்டட்டும். அவன் தினமும் வந்து போகிறான், அது போதும். ஞாயிறு இரவு அவன் போனில் பேசும்போதுகூட இதைப்பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவானோ என்று பயம்.

ஃபோல்டர் வளர வளரப் பெட்டியும் வளர்ந்தது. எஸ்.பி. ரோட்டுக்குப் போய், கடை கடையாக ஏறி, புது டிஸ்க்குகள் வாங்கிவந்தார். எல்லாவற்றையும் இரண்டு இரண்டு பிரதியாக வைத்தார். கரண்ட் போனாலும் அணையாதபடி பெரிய யுபிஎஸ் வைத்தார். பெட்டி சூடாகிறது என்று மௌரீனின் டேபிள் ஃபேனைப் பின்னறைக்கு மாற்றினார். இந்த வருஷம் ஜூனில் திடீரென்று வரத்து குறைந்தது. நாளுக்கு இருபது, முப்பது என்று வந்தது இரண்டு மூன்றானது. சில நாள் ஒன்றுமே இல்லை. வேலை அதிகம்போல, சரியாகச் சாப்பிடுகிறானோ என்னவோ என்று இரண்டு மாதம் கவலைப்பட்டார்.

ஆகஸ்டில் ஒரு டிஸ்க் கட்கட்டென்று சத்தம் போட ஆரம்பித்தது. மாற்றினார். மாற்றி முடித்ததும் பெட்டி ஒரு எச்சரிக்கை கொடுத்தது, டென்சிலின் ஃபோல்டரில் ஒரே ஒரு ஃபைல் மட்டும் பழுது என்று. பேக்கப்பிலிருந்து அதை மீட்டார். மீட்டது சரியாக இருக்கிறதா என்று திறந்துதான் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. திறந்தார்.

ஒரு பஸ்ஸுக்கு முன்னால் தகர டிரங்குப் பெட்டியோடு பத்து பதினொரு வயசுப் பெண் ஒருத்தி புது யூனிஃபார்மில் நின்றிருந்தாள். அவள் தோளில் கைபோட்டுக்கொண்டு, சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றது காந்தா.

காந்தா அவர் வீட்டில் வேலை செய்கிறவள். நீலசந்திராவிலிருந்து பஸ் ஏறி, ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் சரியாக எட்டு மணிக்கு வருவாள். வந்ததும் முதல் வேலையாக ஃபிரிட்ஜ் பக்கத்து பிளக்கில் போனைச் சார்ஜ் போடுவாள். அது டென்சிலின் பழைய போன். "யாருக்காவது குடுத்துடுங்க டாடி" என்று அவன் விட்டுப்போனதை, கணக்கையெல்லாம் அழித்து, போன வருஷம் பிப்ரவரியில் காந்தாவுக்குக் கொடுத்தவர் மதலைமுத்துதான். எல்லாவற்றையும் அழித்தவர், தன் கையால் போட்ட அந்த ஆப்பை மட்டும் மறந்துவிட்டார். வீட்டு வைஃபையும் அந்தப் போனுக்கு மனப்பாடம். பதினெட்டு மாதமாக எட்டு பத்துக்கு வந்துகொண்டிருந்தது யார் என்று அவருக்கு இப்போது புரிந்தது.

அந்த ஞாயிறு போனில் பேச்சோடு பேச்சாகக் கேட்டார். "நம்ம வீட்டு சர்வர்ல உன் ஃபோல்டர் இருக்கே, அதுல ஏதாவது போடறியாடா?"

"அது இன்னும் ஓடுதா டாடி? நான் இங்க வந்ததுலேர்ந்து தொடவே இல்லையே. எதுக்கு வீணா கரண்டு? ஆஃப் பண்ணிடுங்க."

"பண்ணிடறேன்" என்றார்.

ஆஃப் செய்யவில்லை. செய்தது வேறு, அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. மறுநாளிலிருந்து தினம் காலையில், காந்தா போன பிறகு, அந்த ஃபோல்டரைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். பாத்திரத்தை உருட்டுவதைத் தவிர அவளைப்பற்றி ஒன்றும் அறியாதவர், அவள் பெண்ணின் பெயர் பார்கவி என்று ஒரு வீடியோவில் தெரிந்துகொண்டார். பார்கவி முட்டை பஃப்ஸ் தின்றாள். ஜடை பின்னும்போது கத்தினாள். ஏப்ரலில் ஜெயந்தி விழா மேடையில் நீலத் துண்டு போட்டுக்கொண்டு பேசினாள், நடுவில் மறந்துபோய் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜூனில் டிரங்குப் பெட்டியோடு கோலார் பக்கம் ஹாஸ்டல் பள்ளிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு காந்தாவுக்குப் போட்டோ எடுக்க ஒன்றுமில்லை. சாப்பிடுகிறானோ என்னவோ என்று தான் கவலைப்பட்ட இரண்டு மாதம், காந்தாவின் வீட்டில் ஆளில்லாத மாதம்.

வேலியே பயிரை மேய்ந்த கதைதான். தப்பு என்று தெரியும். சொல்லிவிட வேண்டும் என்றும் தெரியும். ஆனால் என்னவென்று சொல்வது? தனியாக இருக்கும் அறுபத்தொரு வயசு ஆள், வேலைக்காரப் பெண்ணையும் அவள் மகளையும் பதினெட்டு மாதம் தன் மெஷினில் வைத்திருந்தான் என்றா? நாளையிலிருந்து அவள் வரமாட்டாள். அவள் வராவிட்டால் அந்த வீட்டுப் படி ஏற வேறு ஆள் கிடையாது. நாளைக்குச் சொல்லலாம் என்று பதினோரு நாள் தள்ளினார்.

பன்னிரண்டாம் நாள் காந்தா எட்டு மணிக்கு வந்தாள். பிளக்கின் பக்கம் போகவில்லை. துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"என்ன காந்தா?"

"போன் பூட்ச்சு சார். பஸ்ல எவனோ அட்ச்சிட்டான். நேத்து சாயங்காலம்."

"அடடா. போலீஸ்ல சொன்னியா?"

"போன் போனா போவட்டும் சார். பாப்பா போட்டோ எல்லாம் அதுலதான் இருந்திச்சு. அவ பேசறது, சண்ட போடறது, எல்லாம். அவ ஹாஸ்டலுக்குப் போனதுலருந்து தெனம் அத்தப் பாத்துகினுதான் படுப்பேன். ராத்திரி தூக்கமே இல்ல, ஒரே பேஜாரா பூட்ச்சு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கூட்ட ஆரம்பித்தாள்.

அத்தனையும் பத்தடி தள்ளிப் பின்னறையில் இருந்தது, இரண்டு இரண்டு பிரதியாக. மதலைமுத்து உள்ளே போய்ப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். சுலபமான பொய் ஒன்று தயாராக வந்து நின்றது. போன் கம்பெனிக்காரர்களிடம் சொல்லி எடுத்துக்கொடுத்தேன் என்றால் முடிந்தது. நம்புவாள். கும்பிடுகூடப் போடுவாள். நாளையும் வருவாள். அந்தப் பொய்யை அவர் கொஞ்சநேரம் ஆசையாகவே பார்த்தார். ஆனால் பார்கவி நாக்கைக் கடித்துக்கொண்டது கண்ணிலேயே நின்றது. அவளைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் அவள் அம்மா கையால் கும்பிடு வாங்க அவருக்கு மனசு வரவில்லை.

சமையலறை வாசலில் வந்து நின்றார். "காந்தா, உன் போட்டோ எல்லாம் இங்க இருக்கும்மா."

அவள் முகம் மலர்ந்தது. அரை நிமிஷம்தான். "இங்க எப்பிடி சார் வந்துச்சு?"

சொன்னார். ஆப்பை அழிக்க மறந்தது, எட்டு பத்து, டென்சில் என்று நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம். சொல்லச் சொல்ல அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எத்தினி நாளா?"

"பதினோரு நாளா."

"பதினோரு நாளா தெரியும். தெனம் காபி குடுத்தேன், ஒரு வார்த்த சொல்லல."

"சொன்னா நீ வரமாட்டேன்னு பயந்துட்டேன்மா."

அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். "இங்க இருக்கறத அழிச்சிடுங்க. என் எதிர்லயே அழிங்க" என்றாள். அழித்தார். இந்தப் பிரதி, அந்தப் பிரதி, பேக்கப், ஒவ்வொன்றையும் அவளுக்குக் காட்டிக் காட்டி அழித்தார். கடைசியில் சைபர் என்று வந்ததைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, கிளம்பிப் போனாள். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மதலைமுத்து தானே பாத்திரம் தேய்த்தார், ஒரே தட்டு, ஒரே டம்ளர். எட்டு பத்துக்குப் பழக்கதோஷத்தில் அறிக்கையைத் திறந்தார். 'டென்சில்: 0.' பின்னறையில் ஆறு பேரும் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தார்கள். மகன் சொன்னது சரிதான், இந்தக் கரண்டெல்லாம் எதற்கு என்று முதல்தடவையாக அவருக்கே தோன்றியது. மூன்றாம் நாளும் போயிற்று.

நான்காம் நாள் எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. காந்தா உள்ளே வந்தாள், கூட்டினாள், மூன்று நாள் அழுக்கைத் தேய்த்துத் துடைத்தாள். அவர் ஹாலில் பேப்பரை விரித்துக்கொண்டு ஒரே வரியைப் படித்துக்கொண்டிருந்தார். வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து நின்றாள். கையில் வேறொரு போன் இருந்தது, மூலையில் கீறல் விழுந்த பழைய போன்.

"ஞாயித்துக்கெழம ஹாஸ்டலுக்குப் போயிருந்தேன். பாப்பாகிட்ட சொன்னேன். அவ சொல்றா, போன்லயே வெச்சினு இருந்தா திரும்பவும் போவும்மா, அந்த சார் பொட்டியில நமக்கும் ஒரு எடம் கேளுன்னு."

மதலைமுத்து பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழுந்தார். "தர்றேன்மா" என்றார்.

"ஆனா பூட்டு நான்தான் போடுவேன்."

"நீதான் போடணும். போட்டுட்டா என்னாலயும் தொறக்க முடியாதபடி செஞ்சி தர்றேன். ஆனா நீ பாஸ்வேர்ட மறந்துட்டேன்னா போச்சு. அப்புறம் யாராலயும் முடியாது."

"மறக்கமாட்டேன்."

அவர் பின்னறையில் அரைமணி நேரம் உட்கார்ந்து வேலைசெய்தார். எந்த அட்மின் சாவிக்கும் திறக்காத ஒரு ஃபோல்டர், அதன்மேல் அவள் பெயர், அவள் போனில் அதே ஆப். கீபோர்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். காந்தா ஒரு விரலால் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடித்தாள். சரியாக விழுந்ததா என்று இரண்டாம் தரமும் அடித்தாள். அதுவரை அவர் திரும்பவில்லை.

மறுநாள் காலை ஃபிரிட்ஜ் பக்கத்து பிளக்கில் போன் ஏறியது. எட்டு பத்துக்கு அறிக்கை வந்தது. 'டென்சில்: 0. காந்தா: 6 ஃபைல்கள்.'

ஆறும் என்ன போட்டோக்கள் என்று அவருக்குத் தெரியாது. இனி தெரியவும் போவதில்லை. சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மதலைமுத்து காபியை எடுத்துச் சூடு ஆறுவதற்குள் குடித்தார்.