கூரையிலிருந்து விழுந்த பனி

விடியற்காலை நாலேகால் மணிக்குப் புதுச்சேரி உழவர்கரையில் நாய்கூட எழுந்திருக்காது. ஆனால் அந்த ஹார்டுவேர் கடைக்கு மேலே, தகரம் வேய்ந்த மாடியில், எட்டுப் பேர் தலை வாரி, பவுடர் பூசி, முகத்தில் சிரிப்பையும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஜப்பானில் அப்போது மணி எட்டு ஆகப்போகிறது. அங்கே ஆபீசுக்குக் கிளம்புகிறவர்களும் ரிட்டையர் ஆனவர்களும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இங்கிலீஷ் பேசிப் பழக வேண்டுமாம். பேச்சுக்கு எதிராள் வேண்டுமே! அதற்குத்தான் இந்த எட்டுப் பேர்.

கலைமகளுக்கு மூணாம் நம்பர் பெட்டி. ரூம் என்று சொன்னால் ரூமுக்கு அவமானம். ஆறடிக்கு நாலடி பிளைவுட் தடுப்பு. சத்தம் போகாமலிருக்க உள்ளே பூராவும் ஸ்பாஞ்சும் முட்டை அட்டையும். ஜன்னலை ஆணியடித்து மூடியாயிற்று. மைக்கில் சத்தம் விழுமென்று ஃபேன் கிடையாது. மூஞ்சிக்கு நேரே வட்ட லைட்டு வேறு. மாசி மாசத்திலேயே வேர்வை முதுகுத்தண்டு வழியாக இறங்கி நாற்காலியை நனைக்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு துணி தொங்கும். அதில் லண்டன் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று பனி. திரையில் தெரிகிற பாதி லண்டன், தெரியாத பாதி வேர்க்குரு.

பிள்ளைச்சாவடியில் அப்பா மீன்பிடி போட்டைக் கடலில் தள்ளும் நேரத்துக்குத்தான் இவள் வீட்டிலிருந்து ஸ்கூட்டியைத் தள்ளுவாள். பெட்டிக்குள் நுழைந்ததும் கலைமகள் செத்தாள், கேத்தி பிறந்தாள். லண்டனிலேயே பிறந்து வளர்ந்த கேத்தி. தமிழில் தும்மக்கூடக் கூடாது. கதவுக்கு மேலே சிவப்பு பல்பு எரிந்தால் க்ளாஸ் நடக்கிறது என்று அர்த்தம். யாரும் கதவைத் திறக்கக்கூடாது, யாரும் எழுந்திருக்கக்கூடாது. எழுந்தால் அது ஒரு ‘டிராப்’. மூணு டிராப் விழுந்தால் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். வெளியே எந்தச் சத்தம் கேட்டாலும் அதை லண்டன் சத்தமாக மாற்றிச் சொல்ல ஒரு வாரம் பயிற்சியே கொடுத்திருந்தார்கள். கோயில் ஸ்பீக்கரா? பக்கத்து வீட்டில் பிறந்தநாள். கீழே இரும்புக் குழாய் இறக்குகிறானா? ரோடு ரிப்பேர். பொய் சொல்லவும் ட்ரெய்னிங் கொடுக்கிற காலம் வந்துவிட்டது, என்ன செய்ய!

இதையெல்லாம் யோசித்துக் கட்டியவன் முதலாளி லூதோவிக். பிரெஞ்சுக் குடியுரிமைக்காரன். பாரிசில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். சார் என்றால் முகம் சுளிப்பான். முசியே என்று கூப்பிட வேண்டும்.

நாலாம் நம்பர் பெட்டி துர்காவுக்கு. திரையில் டயானா. வாய்த்துடுக்கு ஜாஸ்தி. கலைமகளுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பிளைவுட்தான், அதில் இருவருக்கும் ஒரு பாஷை உண்டு. ஒரு தட்டு தட்டினால் ‘தண்ணி இருக்கா’. ரெண்டு தட்டினால் ‘இந்த ஆள் அறுக்கறான்டி’. மூணு தட்டினால் ‘முடிஞ்சதும் டீ’. 

துர்காவின் மேஜைக்கடியில்தான் மொத்த மாடிக்குமான இன்வெர்ட்டர் பேட்டரி நாலும் இருந்தன. வேறெங்கும் இடமில்லையாம். ரெண்டு வாரமாக அதிலிருந்து அழுகின முட்டை நாற்றம்.

“முசியே, தல சுத்துது. பேட்டரிய வெளிய வைங்க” என்றாள் துர்கா.

“ஊதுவத்தி ஏத்தி வைம்மா.”

“லண்டன்ல ஊதுவத்தி ஏத்துவாங்களா முசியே?”

எல்லோரும் சிரித்தார்கள். லூதோவிக் சிரிக்கவில்லை. பேட்டரியும் நகரவில்லை.

திங்கட்கிழமை மூணாவது க்ளாஸ். கலைமகளின் திரையில் மொரிதா. ஒசாகாவில் லிஃப்ட் கம்பெனியில் முப்பத்தஞ்சு வருஷம் உழைத்து ரிட்டையர் ஆன மனுஷன். கேத்தி புது வாக்கியம் எது சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொண்டு மூணு தரம் உரக்கச் சொல்லிப் பார்ப்பார். அது அவர் வழக்கம்.

பிளைவுட்டில் தட்டும் சத்தம் கேட்டது. ஒன்று, ரெண்டு, மூணு. ‘டீ’ என்று நினைத்துக்கொண்டாள் கலைமகள். நாலு, அஞ்சு. அப்புறம் கணக்கில்லாமல். அப்புறம் தொப்பென்று ஏதோ விழுந்தது. மேஜையில் மோதி, தரையில் விழுந்த சத்தம்.

மொரிதா பேனாவை நிறுத்தினார். “கேத்தி, அது என்ன சத்தம்?”

கலைமகளுக்கு ஏற்கெனவே ரெண்டு டிராப் விழுந்திருந்தது. கால் எழுந்திருக்கப் பார்த்தது, வாய் முந்திக்கொண்டது. சிரித்தபடி இங்கிலீஷில் சொன்னாள்: “கூரையிலிருந்து பனி விழுந்தது.”

“அப்படியா!” மொரிதாவுக்குச் சந்தோஷம். எழுதிக்கொண்டார். “கூரையிலிருந்து பனி விழுந்தது. கூரையிலிருந்து பனி விழுந்தது. கூரையிலிருந்து பனி விழுந்தது.”

“வெரி குட்” என்றாள் கேத்தி.

அப்புறமும் பதினொரு நிமிஷம் க்ளாஸ் நடந்தது. அந்தப் பதினொரு நிமிஷமும் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். கூடவே வலை இழுக்கிறவன் கடலில் விழுந்தால், வலை அறுந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டு ஆளைத் தூக்குகிற ஊரில் பிறந்தவள் அவள். சிரித்துக்கொண்டே இருந்தாள், பாவி!

கதவைத் திறந்தது பெருக்க வந்த சின்னப்பாப்பாதான். “இன்னாடி இது, பொணநாத்தம் அடிக்குது!” என்றபடி, சிவப்பு பல்பாவது பச்சை பல்பாவது என்று நாலாம் நம்பர் கதவைத் தள்ளினாள். உள்ளே துர்கா மேஜைக்கடியில், பேட்டரி மேலேயே முகம் வைத்துக் கிடந்தாள். நெற்றி பிளந்து ரத்தம். சின்னப்பாப்பா போட்ட கூச்சலில்தான் மிச்ச ஏழு பெட்டியும் இங்கிலீஷை நிறுத்தியது.

அன்றைக்கு மத்தியானமே லூதோவிக் சின்னப்பாப்பாவை நிறுத்திவிட்டான். சிவப்பு பல்பு எரியும்போது கதவைத் திறந்த குற்றம். துர்காவிடம் படித்துக்கொண்டிருந்த ஜப்பான்காரி, ‘டீச்சர் பாதியில் காணாமல் போனார்’ என்று அஞ்சுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருந்தாள். அதையும் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினான்.

புதன்கிழமை கலைமகளைத் தன் ஏசி ரூமுக்குக் கூப்பிட்டான்.

“உட்காரு கலை. துர்காவ நெனச்சா எனக்குச் சோறே எறங்கல.” ஆடு நனையுதே என்று ஓநாய் அழுத கதைதான். மேஜையில் ஒரு காகிதத்தை நகர்த்தினான். “ஆஸ்பத்திரிலேருந்து போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் போயிருக்கு. நாளைக்குக் காலையில விசாரிக்க வராங்க. பக்கத்துப் பெட்டி நீ. நீ கையெழுத்து போட்டா மத்தவங்களும் போட்டுருவாங்க.”

படித்தாள். துர்காவுக்குச் சின்ன வயசிலிருந்தே மயக்கம் வருமாம். அன்றைக்குச் சாப்பிடாமல் வந்தாளாம். பெட்டியில் எந்த நாற்றமும் இல்லையாம். குதிரை கீழே தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்ததாம்!

“நாத்தம் இருந்துது முசியே.”

“யாருக்கு?”

“எல்லாருக்கும். அவ உங்ககிட்ட சொன்னா. நாங்க கூட இருந்தோம்.”

“எழுதிக் குடுத்தாளா?”

“ஊதுவத்தி ஏத்தச் சொன்னீங்களே, நீங்க எழுதியா குடுத்தீங்க?”

லூதோவிக்கின் முகத்தில் இருந்த துக்கம் ஒரு நொடியில் வழித்துப் போட்ட மாதிரி போயிற்று. “எக்கூத், கேளு” என்று லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். எல்லா க்ளாசும் பதிவாகும் என்பது அவளுக்குத் தெரியும். தன் க்ளாஸ் இப்படி வந்து நிற்கும் என்று தெரியாது. தட்டும் சத்தம். விழும் சத்தம். பிறகு தன் குரல், தேன் தடவின மாதிரி: கூரையிலிருந்து பனி விழுந்தது.

“கேட்டுச்சு இல்ல? கேட்டுட்டுத்தான் பனின்னு சொன்ன. பேட்டரி என்னுது, ஒத்துக்கறேன். இந்தப் பொய் யாருது? ஸ்டேஷன்காரங்களுக்கும் போட்டுக் காட்டுறேன், துர்காவுக்கும் போட்டுக் காட்டுறேன். வுவாலா, அவ்ளோதான். கையெழுத்து போடு, சீனியர் டீச்சராப் போடறேன். இல்லன்னா, அவ மூஞ்சியில எப்படி முழிக்கப் போறன்னு யோசிச்சுக்க.”

காகிதத்தை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். போடவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. கிழிக்கிற தைரியம் அப்போது அவளுக்கு இல்லை, அதுதான் உண்மை.

அன்றைக்குச் சாயங்காலம் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் துர்கா ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தாள். நெற்றியில் ஒன்பது தையல். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள்.

“தட்டினேன்டி. ரொம்ப நேரம் தட்டினேன்.”

கலைமகள் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

“ஒனக்குக் கேட்டிருக்காது. ஸ்பாஞ்ச் ஒட்டி வெச்சிருக்கான் இல்ல, பாழாப்போனவன்.” துர்காவே அவளுக்காகச் சாக்கு தேடிக் கொடுத்தாள். “கேட்டிருந்தா நீ வந்திருப்ப.”

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

“கேட்டுச்சு துர்கா” என்றாள் கலைமகள். “கேட்டுச்சுடி. வரல.”

துர்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். திரும்பாமலே, “நாளைக்கு என் பெட்டியில யார ஒக்கார வெக்கப் போறான்?” என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமை விடியற்காலை மூணரை மணி. மாடிப்படிக்குக் கீழே டீக்கடைக்காரர் அப்போதுதான் அடுப்பு மூட்டியிருந்தார். ஏழு பேரும் டம்ளரோடு நின்றார்கள். கணக்கை முடித்துக்கொண்டு போக வந்த சின்னப்பாப்பா ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கலைமகள் காகிதத்தை விரித்து எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். பிறகு பதிவைப் பற்றியும் சொன்னாள். பனி என்று சொன்னதை, அதை அந்த மனுஷர் மூணு தரம் சொல்லிப் பார்த்ததை, வெரி குட் போட்டதை, ஒன்று விடாமல்.

“அவன் காட்டுறதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன். காறித் துப்பறதுன்னா துப்புங்க. ஆனா இதுல கையெழுத்து போட மாட்டேன்.”

யாரும் துப்பவில்லை. அஞ்சாம் நம்பர் பெட்டி வெற்றிவேல், திரையில் விக்டர், தரையைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தான்.

“எனக்கும் கேட்டுச்சு. மேல் வீட்டுக்காரர் பியானோவ நகர்த்துறார்னேன்.”

“நான் இடின்னேன்” என்றாள் ரெண்டாம் நம்பர் சத்யப்பிரியா. சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

“பூனைன்னேன்” என்றது இன்னொரு குரல். மிச்சப் பேரும் சொன்னார்கள். ஒருத்தர் பாக்கியில்லை. ஏழு பேருக்கும் கேட்டிருக்கிறது. ஏழு பேரும் ஏழு பொய் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தான் ஒருத்தர்தான் பாவி என்று மூணு நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் கிடந்திருக்கிறார்கள்.

“அடப்பாவிகளா!” என்று எழுந்தாள் சின்னப்பாப்பா. “படிச்ச புள்ளைங்கடி நீங்கள்லாம்! வேல போச்சேன்னு நான் அழுதனா? ஒரு கதவத் தொறக்க ஒங்களுக்கு இத்தினி பயமா?”

“பயந்தான் அக்கா” என்றான் வெற்றிவேல். “ஒவ்வொருத்தரையும் தனித்தனிப் பெட்டியில போட்டு வெச்சா பயம் வராம இன்னா வரும்?” டம்ளரைக் கீழே வைத்தான். “நாலாம் நம்பர்ல இன்னிக்கு யாரும் ஒக்காரப் போறதில்ல. மொதல்ல பேட்டரிய போட்டோ எடுப்போம். அப்புறம் வெளிய தூக்குவோம்.”

“அதோட நிறுத்தக் கூடாது” என்றாள் கலைமகள். “பொய்ய எங்க சொன்னமோ அங்கயே போய்க் கழுவணும்.”

போட்டோ எடுத்தார்கள். வெற்றிவேல் ஸ்விட்சை அணைத்து வயர்களைக் கழற்றினான். ஒவ்வொரு பேட்டரியும் அறுபது கிலோ. கயிற்றுப் பிடியில் ரெண்டு பேர், அடியில் ரெண்டு பேர். சின்னப்பாப்பா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “வுடாத, வுடாத, படி பார்த்து வை” என்று முன்னால் இறங்கினாள். கீபோர்டு தட்டியே பழகின விரல்களில் கயிறு தோலை உரித்தது. நாலும் தெருவுக்கு வந்தன. ஆணியைப் பிடுங்கி நாலாம் நம்பர் ஜன்னலைத் திறந்ததும் காற்று திமுதிமுவென்று உள்ளே வந்தது. பிறகு ஏழு பேரும் ஒரு காகிதத்தில் நடந்ததை நடந்தபடி எழுதி, தங்கள் பெயரைப் போட்டார்கள். கேத்தி இல்லை, விக்டர் இல்லை. சின்னப்பாப்பாவும் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

நாலரைக்குச் சிவப்பு பல்புகள் எரிந்தன. கலைமகளின் முதுகுக்குப் பின்னால் லண்டன் இல்லை. முட்டை அட்டை இருந்தது.

அன்றைக்கு முதல் க்ளாஸே மொரிதாவுக்கு. அவர் கண்ணாடியைச் சரிசெய்தார். “கேத்தி, ஜன்னல் எங்கே?”

“என் பெயர் கலைமகள்” என்றாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த மாதிரியே, மெதுவாக, தெளிவாக, இங்கிலீஷில் சொன்னாள். இந்தியாவில், புதுச்சேரியில் இருப்பதை. இங்கே பனியே விழாது என்பதை. “திங்கட்கிழமை உங்களிடம் பொய் சொன்னேன். அது பனி இல்லை. அது என் தோழி.”

மொரிதா கோபப்படுவார், துண்டித்துவிடுவார் என்று நினைத்தாள். அவர் நோட்டைப் புரட்டினார். பழைய பக்கத்தில் ஒரு வரியை அடித்தார். எழுதினார்.

“அது பனி இல்லை. அது என் தோழி” என்றார். ரெண்டாவது தரமும் சொன்னார். மூணாவது தரம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பிறகு கேட்டார்: “உயிரோடு இருக்கிறாரா?”

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் தடதடவென்று ஏறி வந்தது.

“எவன்டா பேட்டரியத் தூக்கினது? எல்லாரும் வெளிய போங்கடா, பிச்சக்காரப் பசங்களா! நாளைக்கே வேற எட்டுப் பேரக் கொண்டாந்து வெப்பேன்!” லூதோவிக்கின் பிரெஞ்சு எங்கே போயிற்றோ தெரியவில்லை, சுத்தமான தெருத் தமிழ்தான் வந்தது. அடுத்த நொடி மெயின் ஸ்விட்ச் டப்பென்று இறங்கியது. மொரிதா மறைந்தார். பெட்டிக்குள் கும்மிருட்டு.

ஒரு கணம் பழைய பயம் வந்து கலைமகளின் மார்பில் உட்கார்ந்தது. தனிப் பெட்டி, தனி ஆள். கை தானாக நாலாம் நம்பர் பக்கத்துப் பிளைவுட்டைத் தொட்டது. அந்தப் பக்கம் யாருமில்லை. தெரிந்தும் தட்டினாள். ஒன்று, ரெண்டு, மூணு, நாலு. துர்கா தட்டின மாதிரியே, கணக்கில்லாமல்.

அதற்கும் அப்பால் அஞ்சாம் நம்பரில் தட்டினார்கள். இந்தப் பக்கம் ரெண்டிலும் ஒன்றிலும் தட்டினார்கள். மாடி பூராவும் பிளைவுட் அதிர்ந்தது. அப்புறம் ஒரு கதவு திறந்தது. ஏழு கதவும் திறந்தன.

நாலாம் நம்பரின் திறந்த ஜன்னல் வழியாக வந்த தெருவிளக்கின் மங்கல் வெளிச்சத்தில் நடைபாதை தெரிந்தது. லூதோவிக் ஸ்விட்ச் பெட்டியில் கை வைத்தபடி நின்றிருந்தான். எதிரே ஏழு பேர், அவர்களுக்கும் முன்னால் விளக்குமாற்றோடு சின்னப்பாப்பா. வேலை இருக்குமா போகுமா என்று ஒருத்தருக்கும் தெரியாது. அவன் கையிலிருந்த பதிவும் அப்படியேதான் இருந்தது.

கலைமகள் அவன் கொடுத்த காகிதத்தை அவன் சட்டைப்பையிலேயே செருகினாள். தங்கள் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டாள்.

“ஸ்டேஷன்லேருந்து எத்தன மணிக்கு வராங்க முசியே?” என்றாள். “நாங்க எல்லாரும் இங்கயே இருக்கோம்.”