இரண்டு பக்கமும் இடது

ஓலப்பாளையத்துப் புளியமரத்தடியில் ஒரு கம்பெனியின் மேப் முடிந்து இன்னொரு கம்பெனியின் மேப் தொடங்குகிறது. மேற்கேயிருந்து வரும் லாரிகள் மரத்தடியில் நின்றுவிடும். அதற்கு மேல் அவற்றுக்குச் சாலை கிடையாது. அதனால் செவ்வாய்தோறும் அங்கே சாலைச் சந்தை. பாலத்துக்குப் பாலம், மேட்டுக்கு மேடு என்று இரண்டு கம்பெனியும் மாற்றிக்கொள்ளும். மாறிய சாலையில் எல்லா வண்டியும் போகலாம். மாறாத சாலையைப் பொழுது சாய்வதற்குள் சுருட்டிக் கொண்டுபோய்விடுவார்கள்.

அன்று செங்கோடனின் சாலை முறை. அதன் கடைசியில் அவருடைய சாப்பாட்டுக் கடை. மாட்டுத் தரகு பார்த்து, ஏமாந்து, ஏமாற்றியவனைத் துரத்திப் பிடித்து, அப்படி வைத்த கடை. சாலை போனால் கடையும் போச்சு.

பரிமாற்றத் தரம் பார்க்கும் அலுவலர் ரேணுகா சாலையின் வளைவு வரை நடந்து போனார். திரும்பி நடந்து வந்தார்.

"போகும்போதும் இடது. வரும்போதும் இடதா இருக்கே?"

"அது பொறந்ததுலருந்தே அப்படித்தானுங்க அம்மணி."

"தரத்துல அதுக்கு எடமில்லைங்க. போகையில இடதுன்னா வரையில வலதா இருக்கணும். இல்லைன்னா அந்த மேப்புக்காரங்க எடுக்க மாட்டாங்க."

செங்கோடனுக்குச் சுர்ரென்று ஏறியது. "பல்லப் புடிச்சுப் பாக்கறதுக்கு இதென்ன மாடா? எத்தன லாரி போயிட்டு வருது. ஒண்ணாச்சும் கவுந்துச்சா?"

"கவுறலீங்க. ஆனா வலது ஒண்ணு குறையுது."

குறையுது என்று சொன்னாலே அது பேரம். செங்கோடன் தோள்துண்டை உதறி நீட்டினார். ரேணுகாவும் அதற்கடியில் கையை விட்டார். பேச்சை விரலால், துணிக்கு அடியில்தான் நடத்த வேண்டும் என்று தரத்திலேயே இருந்தது. செங்கோடன் ஒரு வேகத்தடை கொடுத்தார். ரேணுகாவின் விரல் மடங்கவில்லை. ஒரு குழியும் சேர்த்தார். அதற்கும் இல்லை. வெயில் மரத்தைத் தாண்டியது. கம்பெனி ஆட்கள் சாலையைச் சுருட்டக் குனிந்தார்கள்.

"செரி. என்ற வூட்டு முக்குல ஒரு வலது இருக்குது. அத எடுத்து வளைவுல வெச்சுக்குங்க."

"அப்புறம் வீட்டுக்கு எப்படிப் போவீங்க?"

"அது என்ற பாடு. முடிப்பீங்களா, மாட்டீங்களா?"

துண்டுக்குள் விரல்கள் இறுகின. சாலை இரண்டு மேப்பிலும் ஏறியது.

கடையை அடைத்துவிட்டுச் செங்கோடன் முக்குக்கு வந்தார். அங்கே வலது இல்லை. மூன்று முறை இடது திரும்பி வீடு சேர்ந்தார். வலப்பக்கமிருந்து மனைவி பாவாயி கூப்பிட்டாள். அவர் இடமாகவே ஒரு சுற்றுச் சுற்றி அவளைப் பார்த்தார்.

"வலதக் குடுத்துட்டீங்களாக்கும்?"

"ஆமா."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். சொம்பு அந்தப் பக்கமில்ல இருக்குது," என்றபடி அவள் சொம்பையும் தன் பாயையும் அவருக்கு இடப்பக்கம் மாற்றி வைத்தாள்.

மறுநாள் மேற்கேயிருந்து முதல் லாரி கடை வாசலுக்கே வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கினார்.

"ரெண்டு சாப்பாடுங்கண்ணா. உங்க வளைவுல ஒரு வலது நின்னு கை காட்டுச்சு. புது எடமாம், ராத்திரி சாப்பிடலையாம். வரையில எனக்குத் தேவையில்லைன்னு ஏத்திட்டு வந்துட்டேன். திரும்பிப் போகையில வேணும், கூட்டிட்டுப் போயிருவேன்."

"அது ரசம்தான் ஊத்திக்கும்," என்றார் செங்கோடன். இடமாகவே ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டாவது இலையைப் போட்டார்.