பையில் போடக் கூடாத கல்

மார்ச் பதினான்காம் தேதி காலை ஒன்பது மணிக்கு, வடக்குக் கடற்கரையின் மூன்றாவது படிக்கட்டருகே நின்ற எச்சரிக்கைப் பலகையை நகராட்சி ஊழியர்கள் இருவர் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். அதில் இருந்தது இவ்வளவுதான்: மஞ்சள் கற்களைக் கையால் தொடாதீர்கள். பையில் போடாதீர்கள். பழைய போர்க்குண்டுகளின் பாஸ்பரஸாக இருக்கலாம்.

இருபத்து மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அதே படிக்கட்டில் இறங்கிய லிஃப்ட் மெக்கானிக் ஒருவனின் வலது தொடை எரிந்தது.

அவனைக் கூட்டிப்போனவள் அவனுடைய அக்கா. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் அந்தக் கடற்கரையில் கல் பொறுக்குகிறாள். வீட்டில் இருநூற்றுப் பதினான்கு கற்கள், காலி லென்ஸ் டப்பாக்களில், தேதியும் இடமும் எழுதி ஒட்டியவை. தம்பிக்கு அது முதல் ஞாயிறு. அதுவரை, "அக்கா, கல்லுதானே வேணும்? ரோடு போடுற இடத்துல நில்லு, லாரியில வரும்" என்று கிண்டலடித்துக்கொண்டிருந்தவன்.

எல்லோரும் தேடுவது அம்பரைத்தான். மரப்பிசின் கல்லாக இறுகியது, தேன் நிறம். ஈரமாக இருக்கும்போது பாஸ்பரஸும் அதே நிறம். பழகியவர்கள் மஞ்சளாக எதை எடுத்தாலும் இடுக்கியால் எடுத்துத் தகர டப்பாவில்தான் போடுவார்கள். பையில் போட்டால் உடம்புச் சூட்டில் காய்ந்து தானாகப் பற்றும். இதை அவள் தம்பியிடம் சொல்லவில்லை. படிக்கட்டில் பலகை இருக்கிறது, படித்துக்கொள்வான் என்று இருந்துவிட்டாள். கல் பொறுக்குகிறவர்கள் தலை நிமிர்வதில்லை. பலகை இருந்த இடத்தில் இரண்டு துளைகள் மட்டும் இருந்ததைப் பார்க்காமலேயே அவள் இறங்கியிருந்தாள். தம்பி தேன் நிறத்தில் ஒன்றைக் கண்டதும் எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"உன் மேல தப்பில்ல. நீ சும்மா மூஞ்சிய அப்படி வச்சுக்காத" என்றான் தம்பி, ஆஸ்பத்திரிக் கட்டிலில். எலும்புக்கு அருகே வரை வெந்திருந்தது. இனி ஏணி ஏற முடியுமா என்பதை ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

நகராட்சியின் அறிக்கை நாலு வரி. பையில் இருந்த தீப்பெட்டி உரசிப் பற்றியதாகத் தெரிகிறது என்று முடிந்தது. தம்பி பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை.

கடற்கரைப் பிரிவு அதிகாரியின் அறையில் போய் நின்றாள்.

"பலகையை ஏன் சார் எடுத்தீங்க?"

"ஓட்டல்காரங்க எழுதிக் குடுத்தாங்கம்மா. அதைப் பார்த்துட்டு குடும்பம் குடும்பமா திரும்பிப் போறாங்களாம். பத்து வருஷமா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

"பலகை இருந்ததாலதான் சார் ஆகல."

"அது நீங்க சொல்றது."

"தீப்பெட்டின்னு யார் சொன்னது?"

"வேற என்னம்மா இருக்க முடியும்? கல்லு எங்கயாவது எரியுமா?" அவர் சிரித்தார். மூலையில் இருந்த குமாஸ்தாவும் கூடச் சிரித்தார்.

அடுத்த வாரம் பள்ளி விடுமுறை. கரை முழுக்கக் குழந்தைகள் வருவார்கள். அவர்களின் பைகள் காலியாக இருக்காது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வீடுவரை நடந்தாள். அதிகாரியைத் திட்டினாள், ஓட்டல்காரர்களைத் திட்டினாள், கடைசியில் தன்னைத்தான் அதிகம் திட்டினாள்.

நான்கு நாள், வேலைக்குப் போகுமுன் கரையில் தேடினாள். நான்காம் நாள் ஒன்று கிடைத்தது. பட்டாணி அளவு, மெழுகு போல மங்கலான மஞ்சள். இடுக்கியால் எடுத்து, உப்பு கரையுமட்டும் கரைத்த தண்ணீரில் போட்டாள். அம்பர் என்றால் மிதக்கும். இது மூழ்கியது. ஆனால் சாதாரணக் கூழாங்கல்லும் மூழ்கத்தான் செய்யும். நிச்சயமாகத் தெரிய ஒரே வழி, அதைக் காயவிடுவது.

அதை அவள் வீட்டில் செய்யவில்லை.

ஏப்ரல் முதல் தேதி, தண்ணீர் நிறைந்த ஊறுகாய் பாட்டிலோடும் ஒரு எவர்சில்வர் தட்டோடும் அதிகாரியின் அறைக்குப் போனாள். கல்லை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்து, மேசை நடுவில் தள்ளினாள்.

"என்னம்மா இது, ஏப்ரல் ஒண்ணா?"

"தொடாதீங்க சார். கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருங்க."

"எனக்கு வேற வேலை இல்லன்னு நினைச்சீங்களா?"

"என் தம்பிக்கும் இனி வேலை இருக்குமான்னு தெரியல. உட்காருங்க."

அவள் குரலைக் கேட்டு அவர் உட்கார்ந்துவிட்டார். கல் சும்மா கிடந்தது. ஐந்து நிமிடம் போயிற்று. குமாஸ்தா, "நல்லா காயட்டும், உப்பு போட்டு வத்தலாக்கிடலாம்" என்றார். அவள் தட்டையே பார்த்தாள். கூழாங்கல்லாக இருந்தால் இந்த அறைக்கு இனி எந்த முகத்தோடு வருவது? அதிகாரி மேசை விளக்கை இழுத்துக் கல்லுக்கு நேராகப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"சாதாரணக் கல்லும்மா" என்றவர் மூக்கைச் சுருக்கினார். "யார்யா இங்க பூண்டு தின்னது?"

குமாஸ்தா, "நான் இல்ல சார்" என்றார். பாஸ்பரஸ் பற்றப்போகும்போது பூண்டு வாடை வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

"சார், பின்னால வாங்க."

"இருங்கம்மா..."

அவள் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். நாற்காலி கவிழ்ந்தது. தட்டிலிருந்து முதலில் வெள்ளைப் புகை எழுந்தது, பிறகு மஞ்சள் தீ. விளக்கின் பிளாஸ்டிக் மூடி உருகி மேசை மேல் ஒழுகியது. குமாஸ்தா தண்ணீர் ஊற்றினார். அணைந்தது. தண்ணீர் வழிந்து காய்ந்ததும் மறுபடி பற்றியது.

"இது தீப்பெட்டியா சார்?" என்று கேட்டாள். கேட்கும்போது அவள் கத்திக்கொண்டிருந்தாள். "சொல்லுங்க, இதுல எங்க தீப்பெட்டி?"

அதிகாரி தரையில் உட்கார்ந்தபடி இருமிக்கொண்டிருந்தார். தீயணைப்புக்காரர்கள் ஈர மணலைக் கொட்டி அள்ளிப்போனார்கள். யாருக்கும் காயமில்லை.

ஏப்ரல் மூன்றாம் தேதி, பலகையைப் பழைய துளைகளிலேயே திரும்ப மாட்டினார்கள். அரசு அலுவலகத்துக்குள் எரியும் பொருள் கொண்டுவந்ததற்காக அவள் மேல் வழக்குப் பதிவானது. செய்தது உண்மை என்று எழுதிக் கொடுத்தாள். தம்பியைப் பற்றிய நகராட்சி அறிக்கை திருத்தப்படவில்லை. அதில் தீப்பெட்டி இருக்கிறது.