ஆகஸ்டில் நனைந்த தொட்டிகள்

பக்கத்து வீட்டுக் கசில்டாவின் கார்தான் கடைசியாகக் கிளம்பியது. கோர்தோபா நகரில் வெயில் நாற்பத்து நான்கு டிகிரியைத் தொட்டிருந்தது. போக முடிந்தவர்கள் எல்லாரும் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இருநூத்திப் பத்து பூந்தொட்டி, அராசெலி. ஒண்ணு செத்தாலும் உன்னை விடமாட்டேன்," என்று கார் ஜன்னலிலிருந்து கத்தினாள் கசில்டா.

"நீ முதல்ல அலை அடிச்சுக்கிட்டுப் போகாம திரும்பி வா!"

ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்து குடும்பங்கள் குடியிருந்த வீடு. வெள்ளையடித்த நாலு சுவர்களிலும் கூரைவரை மாட்டிய தொட்டிகள், முக்கால்வாசி ஜெரேனியம் பூச்செடிகள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அராசெலிக்கு மட்டும் விடுப்புக் கிடைக்கவில்லை. மாடியில் தனியாக இருந்த அன்செல்மோ, ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து கடற்கரை ஊரான மலகாவுக்கு அழைத்துப்போவாள் என்று ஒரு மாதமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஞாயிறு அராசெலி வேலை முடிந்து திரும்பியபோது அவர் ஜன்னல்கள் மூடியிருந்தன.

விடிந்ததும் ஒரு முறை, வெயில் தாழ்ந்ததும் ஒரு முறை தண்ணீர் ஊற்றினாள். நீண்ட கழியின் நுனியில் கட்டிய தகர டப்பாவில் கிணற்றுத் தண்ணீரை மொண்டு, அண்ணாந்து, ஒவ்வொரு தொட்டியிலும் சாய்ப்பாள். பகல் இரண்டரைக்கு வேலை விட்டு வந்து, ஜன்னல்களை அடைத்துவிட்டுப் படுத்தால் உடனே கனவு வந்துவிடும். கனவு முழுக்கத் தண்ணீர். சுவர்களில் வழியும், படிகளில் இறங்கும், அவள் கட்டில் அதன்மேல் மெல்ல மிதந்து முற்றத்தைச் சுற்றும். ஈரமண் வாசனைகூட வரும். எழுந்திருக்கவே மனசு வராது.

பத்தாம் நாள் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. தாகம்தான் என்று நினைத்து இன்னும் ஊற்றினாள். மேலும் வாடின. பிறகுதான் ஒரு தொட்டியை இறக்கி மண்ணுக்குள் விரலை விட்டாள். உள்ளே ஒரே சேறு. தண்டின் அடி கறுத்து, தொட்டதும் குழைந்தது.

'தூக்கத்தில் நானே எழுந்து ஊற்றுகிறேனா?' என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் மத்தியானம் அவள் படுக்கவில்லை. ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தாள். வெளியே வெள்ளை வெயில். கிணற்று உருளை லேசாக முனகியது. பனியனும் வைக்கோல் தொப்பியுமாக அன்செல்மோ, செருப்பில்லாமல், கழியைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"நீங்க மலகா போகலையா?"

அவர் திரும்பவில்லை. "அங்க புழுக்கம் ஜாஸ்தி."

"அன்செல்மோ!"

டப்பா சாய்ந்து தண்ணீர் அவர் காலிலேயே கொட்டியது. "மாப்பிள்ளையோட அம்மா வந்திருக்காங்களாம். இடமில்லைப்பா, அடுத்த வருஷம் பாக்கலாம்னு மக போன்ல சொன்னா. அவ்வளவுதான்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"ஒரு மாசமா தம்பட்டம் அடிச்சவன் எந்த மூஞ்சியோட சொல்றது? நீ வேலைக்குப் போறவ, மறந்துடுவேன்னு நெனச்சேன். அதான் கொஞ்சம் ஊத்தினேன்."

"கொஞ்சமா? வேரை அவிச்சு வெச்சிருக்கீங்க!"

திட்டிக்கொண்டே அவருக்குத் தக்காளியும் ரொட்டியும் அரைத்த குளிர்ந்த கூழ் கொடுத்தாள். அவர் குடித்த வேகத்தைப் பார்த்துக் கிண்ணத்தை மறுபடி நிரப்பினாள். அன்று முதல் இருவரும் சாயங்காலங்களில் தொட்டிகளை இறக்கினார்கள். அழுகிய வேரை வெட்டி, மண்ணை நிழலில் ஆறப்போட்டு, நல்ல கிளைகளை ஒடித்து மணலில் நட்டார்கள். தலைக்கு மேலே சின்னப் பறவைகள் வானத்தைக் கத்தரித்துக்கொண்டே இருந்தன. அவ்வப்போது அவர் பழைய ரயில் நிலையங்களின் பெயர்களை வரிசை தப்பாமல் முணுமுணுப்பார். அதைக் கேட்டபடியே அவளுக்குக் கண் சொக்கும்.

மாதக் கடைசியில் எல்லாரும் திரும்பினார்கள். நாற்பத்து மூன்று செடிகள் போயிருந்தன. கசில்டா முற்றத்தின் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்னடி இது?"

"தண்ணி அதிகமாயிடுச்சு. என் தப்புதான்."

"உனக்கா தெரியாது? சின்னப் பிள்ளையா நீ?"

மாடிப்படியில் அன்செல்மோ இறங்கி வந்தார். "அவளைத் திட்டாதே. ஊத்தினது நான். நான் எங்கயும் போகலை. மக வரலை."

கசில்டாவின் கை இடுப்பிலிருந்து தானாக இறங்கியது.

"மாசம் பூரா இங்கயா இருந்தீங்க? என்ன சாப்பிட்டீங்க?"

"மொதல்ல டப்பா மீன். அப்புறம் இவ கொடுத்தா."

"டப்பா மீன்!" என்று முணுமுணுத்துவிட்டு அவள் உள்ளே போனாள். பெரிய வாணலியை எடுக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வீட்டு மேஜையாக முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. எண்ணெயில் பூண்டு சிவக்கும் வாசனை கிளம்பியது. சமையல் முடிவதற்குள் அன்செல்மோ நாற்காலியில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார். அவரை எழுப்பாமல், அராசெலி குரலைத் தாழ்த்தி எல்லாரையும் உட்காரச் சொன்னாள்.