சம்பளப் பட்டியலில் இருந்த பதினோரு பேர்

மதகடிப்பட்டு அரிசி ஆலையின் சம்பளப் பட்டியலில் கணக்கர் அருள்முருகன் பொய்யாக எழுதிய பதினோரு பேரும் ஏப்ரல் முதல் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வேலைக்கு வந்தார்கள். அன்று ஊர்ச் சந்தையில் தக்காளி கிலோ நாற்பது ரூபாய். வந்தவர்கள் அவர் மேசைக்கு எதிரே வரிசையாக நின்று, எழுதியிருந்தபடியே பெயரும் வயதும் சொன்னார்கள். தகப்பன் பெயரை முதல் ஆளுக்கு மட்டும் எழுதி, மற்றவர்களுக்கு ‘மேற்படி’ என்று போட்டிருந்ததால் எல்லோருக்கும் ஒரே முகச்சாடை.

அவர் கெட்டவர் அல்ல. யாராவது குரலை உயர்த்தினால் போதும், அவர் கை தானாகக் கையெழுத்துப் போட்டுவிடும். லாபத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லி முதலாளி நமச்சிவாயம் அதட்டியபோது, இல்லாத ஆளுக்குச் சம்பளம் எழுதினால் இருக்கிற யாருக்கும் நஷ்டமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதினார். வந்தவர்கள் மூன்று மாதம் மூட்டை தூக்கினார்கள். கணக்கில் கொடுத்தாகிவிட்டது என்று முதலாளி கூலி தரவில்லை. ஜூலையில் அவருக்கு இன்னொரு யோசனை வந்தது.

“பாய்லர் வெடிச்சி பதினோரு பேரும் செத்துட்டாங்கன்னு எழுதுய்யா. இன்சூரன்ஸ் வரும்.”

“வெளிய மூட்ட தூக்கினு இருக்காங்களே முதலாளி.”

“நீ எழுதிதான வந்தாங்க? எழுது, போய்டுவாங்க!”

கை எழுதத் தொடங்கியது. காசம்மாள், முப்பத்து நான்கு, மரணம். முற்றத்தில் மூட்டை விழும் சத்தம் கேட்டது. சன்னல் வழியே பார்த்தால் காசம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். “இன்னா சார் எழுதுறீங்க?” என்று அங்கிருந்தே கேட்டாள். “எனுக்கு மூச்சு அடைக்குது சார்.”

“அடுத்த பேரு!” என்று முதலாளி கத்தினார். கை அடுத்த வரிக்கு நகர்ந்தது. அருள்முருகன் அந்தக் கையை மேசை டிராயருக்குள் திணித்து, இடது கையால் ஓங்கிச் சாத்தினார். இரண்டு விரல் முறிந்தது. இடது கையால் காசம்மாளின் வரியைக் கோடு போட்டு அடித்தார். காசம்மாள் எழுந்து உட்கார்ந்தாள்.

அவர்கள் பொய் ஆட்கள் என்று புகார் கொடுத்தால் அந்த உண்மையே அவர்களைக் கொன்றுவிடுமோ என்று இரண்டு நாள் நடுங்கினார். கடைசியில், பதினோரு பேர் மூன்று மாதம் கூலியில்லாமல் உழைத்தார்கள் என்று மட்டும் தொழிலாளர் துறைக்கு எழுதினார். அதிகாரி வந்து தலை எண்ணினார், சரியாக இருந்தது. கூலி வந்தது. அருள்முருகனுக்கு வேலை போனது.

பதினோரு பேரும் நெட்டப்பாக்கத்தில் வீடு பிடித்தார்கள். அடுத்த வருடம் காசம்மாளுக்குக் கல்யாணமாகி, மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. அருள்முருகன் பார்க்கப் போனார். பயந்து பயந்து அதன் பாதத்தைத் தொட்டார். சூடாக இருந்தது. எடை மூன்று கிலோ என்றார்கள்.