பழகிப்போன அலறல்

விமானம் ஓட்டுகிறவனுக்கு ஊரில் தனி மவுசுதான். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நதீம் பையோடு இறங்கினால், நாலு பேராவது "கேப்டன், எப்ப வந்தீங்க?" என்று கேட்டுவிடுவார்கள். இந்தத் தடவை அந்தக் கேள்விகூட அவனுக்குப் பாரமாக இருந்தது. வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவோமோ என்று பயந்து, சிரித்து மழுப்பிவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

கூடம் முழுக்கப் பெட்டிகள். வெள்ளிக்கிழமை அவன் மனைவி வஹிதாவும் மகள் அன்ஜுமும் முதல்முறையாக அவன் ஓட்டும் விமானத்திலேயே வளைகுடாவுக்குப் போகிறார்கள், வஹிதாவின் அண்ணன் வீட்டுக்கு. தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

அந்த வளைகுடா ஊரில் கொஞ்ச காலமாக ஒரு தொல்லை. பக்கத்தில் எங்கோ சண்டை, யாரோ ஜி.பி.எஸ். சிக்னலைக் குழப்புகிறார்கள். விமானம் எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் எச்சரிக்கைக் கருவி குழம்பிப்போய், இறங்கும் நேரம் பார்த்து, "தரை மோதும்! மேலே ஏறு!" என்று அலறுகிறது. எதிரே மலையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. முதலில் எல்லா விமானிகளும் பதறி மேலே ஏறினார்கள். பிறகு பழகிவிட்டது. இறங்குவதற்கு முன்பே, "இன்னிக்கும் கத்தும், கண்டுக்காதீங்க" என்று பேசிவைத்துக்கொள்வது வழக்கமாகிப்போனது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிகிற நாளில் அதில் தப்பில்லை.

போன வாரம் ஒரு காலையில் ஒரே புழுதி மூட்டம். பாதை தெரியவில்லை. கருவி அலறியது. பாதை கண்ணுக்குத் தெரியாதபோது மறுபேச்சில்லாமல் மேலே ஏறவேண்டும் என்பது விதி. நதீமின் கை அசையவில்லை. துணை விமானியும் வாய் திறக்கவில்லை. சற்றுப் பொறுத்துப் புழுதி விலகியது, பாதை தெரிந்தது, பூப்போல இறக்கினான். பயணிகள் கைதட்டினார்கள்.

அலறல் பொய்தான். ஆனால் அந்த நிமிஷத்தில் அது பொய் என்று அவனுக்குத் தெரியாதே! அந்த ஊர் அலறல் என்றாலே அலுவலகமும் பொய் என்று தள்ளிவிடும். ஒன்றும் நடக்காதபோது யார் கேட்கப்போகிறார்கள்? அன்று ராத்திரி ஓட்டல் அறையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பாவம், சொல்லி அழக்கூட ஆள் இல்லை.

இப்போது வீட்டுக்குள் வந்து பையை வைத்ததுமே சொன்னான்: "வஹிதா, வெள்ளிக்கிழமை நீங்க ரெண்டு பேரும் வர வேணாம்."

"என்னங்க சொல்றீங்க? அண்ணன் வூட்ல எல்லாம் ரெடி பண்ணிட்டாங்க."

"வேற பிளைட்ல போங்க. வேற ஆளு ஓட்டுறதுல."

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். அவன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். "அடுத்த தடவை நெஜமாவே கத்துனாலும் என் கை அசையுமான்னு தெரியல, வஹிதா."

திட்டுவாள், இல்லாவிட்டால் ஒன்றும் ஆகவில்லையே என்று தேற்றுவாள் என்று நினைத்தான். இரண்டையும் அவள் செய்யவில்லை.

"எங்கள வேணாங்கறீங்க, சரி. மத்தவங்க வூட்டு ஆளுங்க மட்டும் வரலாமாங்க?"

நதீமுக்குக் கண் கலங்கிவிட்டது. போனை எடுத்துத் தலைமை விமானியைக் கூப்பிட்டான். மணி அடிக்கும்போதே வஹிதா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சார், வெள்ளிக்கிழமை பிளைட் ஓட்ட என்னைப் போடாதீங்க. ஏன்னு சொல்றேன்."